மூன்றாவது டிஸ்க்

ருக்குமணி கடைப்படி ஏறியபோது நான் இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் எதை அழிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை என்ன. சோளக்காடு என்கிற இந்த மலையூரில் கம்ப்யூட்டர் வைத்து வீடியோ எடிட்டிங் செய்பவன் நான் ஒருவன்தான். என் தொழிலில் பாதி வெட்டுவது, மீதி அழிப்பது. அன்றைக்கு, மலையில் நாடு என்று சொல்கிற ஊர்த் தொகுதிகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில் எடுத்த ஒரு சீர் உள்ளே ஏறியாக வேண்டும், அரியூர் நாட்டுக் கல்யாணம் ஒன்று இன்னும் முடித்து வெளியே போகவில்லை. நாற்பது ஜிபி டிஸ்க்கில் மூன்று ஜிபிதான் மிச்சம். ஒரு மணி நேரப் படம் பதிமூன்று ஜிபி தின்னும். இந்தக் கணக்கு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அவள் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கம்ப்யூட்டர் இருக்கிற இடம் என்பதால் மலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். நானும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

"ஏனுங்க தம்பி, எங்கய்யன் பேசுனதைப் போட்டுக் குடுக்கோணும்."

யார், என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை.

"போன வருசம் தையில, எந்தம்பி வேல்முருகன் கண்ணாலத்துல. மைக்கைப் புடிச்சுப் பேசுனாருல்லீங்க, எங்கய்யன் குழந்தைசாமி. நீங்கதான் முன்னால நின்னு படம் புடிச்சீங்க."

பிடித்தேன். சிவப்புத் துண்டு போட்ட, நல்ல வெள்ளை முடிக்காரர். முகம் படத்துக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும். ஐப்பசியில் அவர் செத்துப்போனார் என்று அவள் சொல்லித்தான் தெரியும்.

பெஞ்சில் உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தாள். நாற்பது வயதுக்குக் கிட்டே இருக்கும். கட்டிக்கொண்டவன் பதினைந்து வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து அப்பன் வீட்டில் இருந்துகொண்டு, அவருடைய பள்ளத்து வயலில் அவளே நடவு நட்டு, அவளே களையெடுத்து, கடைசி நாலு மாதம் படுக்கையில் கிடந்த அப்பனுக்கு மலம் மூத்திரம் அள்ளியவரைக்கும் எல்லாம் அவள்தான். அந்த வயல் இனி ருக்குமணிக்கு என்று பெரியவர், மகன் கல்யாணத்தில் சபையில் எழுந்து சொன்னாராம். புதுச் சம்பந்தி வீட்டாரும் கேட்கட்டும், பின்னாளில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றுதான் அந்த நாளாகப் பார்த்துச் சொன்னாராம். எழுத்து ஒன்றும் கிடையாது. அவர்களுக்குச் சபையில் சொன்னால் சொன்னதுதான்.

"இப்ப வேல்முருகன், அய்யன் வயலைக் குடுக்கலை, அந்த வருச வெள்ளாமையத்தான் குடுத்தாருன்னு சொல்றானுங்க. வயல்ல எறங்கக் கூடாதுங்கறான். நாத்து விட்டு வெச்சிருக்கறன் தம்பி. ஞாயித்துக்கெழமை ஊர்க்கூட்டம்."

"கூட்டத்துல கேட்டவங்க இருப்பாங்கல்ல அக்கா? அவ்வளவு பேர் இருந்தாங்களே."

"இருந்தாங்க. ஆனாப் படம் இருக்கையில நாங்க எதுக்குச் சொல்லோணும், அதைப் போட்டுப் பாத்துக்கலாம்ங்கறாங்க." அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "அதுவும் நல்லதுதானுங்க. மனுசன் மாத்திப் பேசுவான். மிசினு மாத்தாதில்ல."

தேடிப் பார்க்கிறேன், நாளைக்கு வாங்கள் அக்கா என்றேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

எனக்கு ஊர் அடிவாரத்தில் காரவள்ளி. சொந்தக் காடு, குச்சிக்கிழங்கு, கிணறு, எல்லாம் உண்டு. அதை விட்டுவிட்டு எழுபது வளைவு ஏறி மலையில் வீடியோ கடை போடுகிறேன் என்றபோது, "மலைக்காரனுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு?" என்று அப்பா கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே பிடித்திருந்தது. இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தால்தானே நாம் ராஜா. சேலத்தில் பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்த சுரேந்தரிடம் மூன்று நாள் உட்கார்ந்து திட்டம் போட்டேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை.

"ஒரே டிஸ்க்காப் போடாதீங்ணா" என்றான் சுரேந்தர். "படம் ஏறும்போது திணறும். ஒண்ணு போனா எல்லாமும் போயிரும். மூணாப் போட்டுக்கங்க. ஒண்ணுல சாப்ட்வேர், ஒண்ணுல வேலை செய்யறது, ஒண்ணுல வச்சுக்கறது." சொல்லிக்கொண்டே ஒரு தாளில் மூன்று கட்டம் வரைந்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் எழுதினான். அந்தத் தாளை நான் கடைச் சுவரில் மானிட்டருக்கு மேலே ஒட்டி வைத்தேன். மூன்றாவது கட்டத்தில் அவன் கையெழுத்தில் 'வச்சுக்கறது' என்று இருக்கும். அசல் படம் அத்தனையும் அதில் இருக்க வேண்டும், இந்த மலையில் நடந்த எல்லா நல்லது கெட்டதும் என் மேஜைக்கடியில் இருக்கும் என்று வருகிறவர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

நடந்தது வேறு. சேலத்திலிருந்து முதல் தடவை எபெக்ட்ஸ் சிடிகளை வாங்கிக்கொண்டு வந்த நாளிலேயே மூன்றாவது டிஸ்க்கில் பாதி போனது. இதயத்துக்குள் மாப்பிள்ளை முகம், புறா பறக்கிறது, ஆல்பம் பக்கம் புரள்கிறது, ரோஜாப்பூ மேலேயிருந்து கொட்டிக் காட்சி மாறுகிறது. அப்புறம் வெளிநாட்டுப் புல்வெளி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத அருவியைச் சொந்தமாக வைத்திருக்கிற மலையில் கல்யாணம் செய்கிறவனைக் கத்தரித்து எடுத்து, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பனிமலை முன்னால் நிற்க வைப்பேன். அவர்களும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஒரே வருடத்தில் 'வச்சுக்கறது' நிரம்பிவிட்டது. அசலை எடுத்து வைக்க எங்கும் இடமில்லை. கேமராவில் போடுகிற கேசட்டும் அப்படித்தான். ஒரு கல்யாணம் முடித்துக் கொடுத்ததும் அதே கேசட்டில் அடுத்ததை எடுத்துவிடுவேன். மூன்று தடவைக்கு மேல் எடுத்தால் கோடு விழும் என்பார்கள். நான் ஐந்து தடவை எடுத்தேன்.

இடம் இல்லாதவன் எதை விடுவது என்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ள வேண்டும். என் சட்டம் சுலபமானது. பேச்சை விடு. முகூர்த்தம் வேண்டும், மாலை மாற்றுவது வேண்டும், அன்பளிப்புக் கொடுக்கிறவன் முகம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவான். பேச்சு யாருக்கு வேண்டும்? மைக் கிடைத்ததும் ஆளாளுக்கு எழுந்து மாமன் முறை, பங்காளி முறை என்று இழுத்து இழுத்துப் பேசுவார்கள். உண்மையைச் சொல்வதென்றால் அவர்கள் பேச்சு என் காதில் ஏறாது. கீழேயிருந்து வந்தவனுக்கு அது காட்டுப் பேச்சு. அதை எடுத்துவிட்டு மேலே ஒரு சினிமாப் பாட்டை வைத்தால் படம் படம் மாதிரி இருக்கும். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. அவர்கள் குறை சொல்லாததையே எனக்கு வக்காலத்தாக வைத்துக்கொண்டேன்.

ருக்குமணி போன பிறகு கேசட் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது. முதுகில் 'வேல்முருகன் கல்யாணம் 1' என்று எழுதி அடித்திருந்தது. அதற்குக் கீழே ஒரு சீர், அதையும் அடித்து ஒரு வீடு குடிபோனது, கடைசியாக 'காதுகுத்து, அரியூர்'. எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து சுரேந்தருக்குப் போன் போட்டு, டிஸ்க்கில் அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். எவ்வளவு நாளாச்சு என்றான். ஒன்றரை வருடம் ஆகப்போகிறது என்றேன். அப்புறம் அதன் மேலே எத்தனை கல்யாணம் ஏற்றினேன் என்று கேட்டான். எண்ணி மாளாது என்றேன். "மேல எழுதீட்டா அவ்ளோதாங்ணா" என்றான். "அதான் மூணாவதுல எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?"

திட்டம் போட்டுக் கொடுத்தவனுக்கு அந்த நம்பிக்கைகூட இருக்காதா.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். உண்மையைச் சொன்னேன். டிஸ்க், ஜிபி என்று நான் விளக்க விளக்க அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "செரிங்க, இருக்குதா இல்லீங்களா?" என்றாள்.

"அழிச்சிட்டேங்க்கா."

"எங்கய்யன் பேசுனதையுங்களா?"

"எல்லார் பேசுறதையும் அழிச்சிருவேன்."

அவளுக்கு அது புரியவில்லை. நான் சொன்னதை எதிலோ வைத்து நிறுத்துப் பார்க்கிறவள் போல இருந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கேசட்டையாவது போட்டுப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். காதுகுத்து நாற்பது நிமிடத்தில் முடிந்திருந்தது, கேசட் அறுபது நிமிடம். வாலில் பழையது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

குழந்தை வீறிட்டு அழுவதில் காதுகுத்து முடிந்தது. கொஞ்ச நேரம் நீலம். பிறகு வீடு குடிபோன இடத்தில் யாரோ பால் காய்ச்சினார்கள். அதுவும் அறுந்து, திடீரென்று வேல்முருகன் கல்யாணப் பந்தி வந்தது. ருக்குமணி எழுந்து மானிட்டருக்குக் கிட்டே வந்துவிட்டாள். இலை, சோறு, சாம்பார் வாளி. அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவளேதான். கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு முகத்தைத் திருப்புகிறாள். பேச்செல்லாம் இதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துபோனது. அணைக்கப் போனேன். அப்போது பந்தியின் கடைசியில் சிவப்புத் துண்டு தெரிந்தது. பெரியவர் யாரையோ கையைப் பிடித்து நிறுத்தி, "எல்லாரும் இருந்து சாப்புட்டுட்டுத்தான் போகோணும், ஆமா" என்றார். அவ்வளவுதான். கேசட் தீர்ந்தது.

"இன்னொருக்காப் போடுங்க" என்றாள்.

போட்டேன். எல்லாரும் இருந்து சாப்புட்டுட்டுத்தான் போகோணும், ஆமா.

"இன்னொருக்கா."

ஆறு தடவை போட்டேன். ஆறாவது தடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சளி கட்டுன கொரலு" என்றாள். வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை நீங்க வந்துருங்க தம்பி. வேல்முருகன்கிட்ட இருக்கற சீடியைத்தான் போடறாங்களாம். அதுல இருக்குமில்லீங்க?" என்றாள். அதில் பாட்டுத்தான் இருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்றேன். அவள் அந்த மட்டுக்குத் தெம்பாகப் பஸ் ஏறினாள். போகாமல் இருந்துவிடலாம் என்று மூன்று நாளும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, கோயிலுக்கு முன்னால் டிவியை ஒரு மேஜை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். வெயில் விழாமல் இருக்க மேலே ஒரு சாக்குப் படுதா. ஐம்பது அறுபது பேர் இருக்கும். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். டிவி, சிடி பிளேயர், ஒயர் எல்லாம் வேல்முருகன் வீட்டிலிருந்து வந்தவை. அவன்தான் குனிந்து நிமிர்ந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வாங்க, வாங்க, டீ சாப்பிடறீங்களா?" என்றான். முகத்தில் ஒரு கவலை இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிடியை அவன் நூறு தடவை பார்த்திருப்பான். படத்தைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முதலில் சொன்னதே அவனாகத்தான் இருக்கும். அவனுக்குச் சாட்சியாக நான் ஒன்றரை வருடத்துக்கு முன்பே எல்லாம் செய்து கொடுத்துவிட்டேன்.

ஊர்ப் பெரியவர் அண்ணாமலை நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர் என்றுதான் பெயர். பெண்கள் பக்கத்திலிருந்து பாவாயி என்ற கிழவி, "படம் எதுக்குங்க? எங்காதாலயே கேட்டனே. பள்ளத்து வயலு..." என்று ஆரம்பித்தாள்.

"சித்த இரு ஆத்தா" என்றார் அண்ணாமலை. "நீ ஒண்ணு சொல்லுவ, இன்னொருத்தன் ஒண்ணு சொல்லுவான். நாளைக்குப் பொல்லாப்பு. அதான் படம் இருக்குதில்ல?"

பாவாயி அடங்கிவிட்டாள். அதைப் பார்த்து வாய் திறக்க இருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள். காது உள்ளவர்கள் அத்தனை பேரும் காதைக் கழற்றி என் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாமலை என் பக்கம் திரும்பினார். "படத்தைப் போடறதுக்கு முந்தி ஒண்ணுங்க. நீங்க வெளியாளு, ஒருத்தருக்கும் வேண்டியவரில்லை. அவரு பேசுனதை முச்சூடும் பாத்தவரு நீங்கதான். என்ன சொன்னாருங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ருக்குமணி என்னையே பார்த்தாள். வயலைத்தான் கொடுத்தார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகக்கூட இருந்திருக்காது. ஆனால் நான் கேட்கவே இல்லையே. கேமராவுக்குப் பின்னால் நின்றபோதும் கேட்கவில்லை, கடையில் ஓட்டிப் பார்த்தபோதும் கேட்கவில்லை. அவர் எவ்வளவு நேரம் பேசினார் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது. நாலு நிமிடம் பத்து விநாடி. ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அது முழுக்க வேண்டாம் என்று முகத்துக்காக முதல் இருபது விநாடி மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"நாலு நிமிசம் பேசுனாருங்க" என்றேன்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வேல்முருகன் சிரிக்கவில்லை. மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு ரிமோட்டை அமுக்கினான்.

படம் ஓடியது. பிள்ளையார் சுழன்று வந்தார். இதயத்துக்குள் வேல்முருகன். பனிமலைக்கு முன்னால் வேல்முருகனும் பெண்ணும். அந்த வருடம் எல்லா பஸ்ஸிலும் போட்ட ஒரு காதல் பாட்டு. பிள்ளைகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தன. தாங்கள் வருகிற இடம் வந்ததும் பெரியவர்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு காட்டினார்கள். வழக்கு என்பதையே மறந்துவிட்டார்கள் போலிருந்தது. மூக்கால் பாடுகிற அந்தப் பாட்டுக்காரனை எனக்கு அன்றைக்குப் போல் என்றும் வெறுக்கத் தோன்றியதில்லை.

பிறகு பெரியவர் வந்தார். சிவப்புத் துண்டு, கையில் மைக். வாய் அசைந்தது. பாட்டு ஓடியது.

அண்ணாமலை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "என்னப்பா, பேசறது கேக்கலியே?" என்றார்.

"அவ்வளவுதானுங்க சத்தம் இருக்குது" என்றான் வேல்முருகன். "இதுல என்ன இருக்குதுன்னு நீங்களே பாருங்க. வயலும் இல்லை, ஒண்ணும் இல்லை."

ருக்குமணி எழுந்துவிட்டாள். பெண்கள் பக்கத்திலிருந்து நேராக டிவிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முதலில் டிவியில் சத்தம் வருகிற ஓட்டையில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே அப்பன் குரல் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் கடைசியாக, எல்லார் பேசுறதையும் அழிச்சிருவேன் என்று நான் சொன்னது அவளுக்குப் புரிந்தது.

"முதல்ல இருந்து போடுங்க. பாட்டை நிறுத்துங்க" என்றாள்.

வேல்முருகன் அசையவில்லை. நான் போய் அவன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினேன். அதுவாவது செய்தேன். பின்னால் ஓட்டி, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் போட்டேன். பெரியவர் மறுபடி மைக்கை வாங்கினார். இருமினார். வாயைத் திறந்தார். ருக்குமணியும் வாயைத் திறந்தாள்.

"சபையில இருக்கற பெரியவங்க அல்லாருக்கும் கும்புடுங்க."

குரல் அவளுடையது. ஆனால் திரையில் வாய் அதே இடத்தில் திறந்து அதே இடத்தில் மூடியது. கும்பிடு என்றபோது அவர் கை நெஞ்சுக்கு வந்தது.

"எனக்கு மேலுக்கு முடியலைங்க. இன்னைக்கோ நாளைக்கோ." அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "கண்ணாலம் எம்மவனுக்கு. ஆனா நான் சொல்ல வந்தது எம்மவளுக்குங்க."

பாவாயி எழுந்து நின்றாள். பிள்ளைகள்கூட அசையவில்லை. அண்ணாமலை திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அப்பன் சொன்னதை அவள் எத்தனை நாள் வயலில் குனிந்தபடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாளோ.

"ருக்குமணி நின்ன எடத்துல நின்னு என்னையப் பாத்தவ. அதனால..."

பெரியவர் கையைத் தூக்கினார். கிழக்கே, வயல் இருக்கும் பக்கம் விரலை நீட்டினார். அடுத்த சொல்லுக்கு அவர் உதடு பிரிந்தது.

இருபது விநாடி முடிந்துவிட்டது. மேலேயிருந்து ரோஜாப்பூ கொட்ட ஆரம்பித்தது. முதலில் விரல் மறைந்தது, பிறகு வாய், பிறகு துண்டு. திரை முழுக்கச் சிவப்பாக, பெரிது பெரிதாக, சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்று ருக்குமணி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.